குன்னூர் – மேட்டுப்பாளையம் பைக்கில் போய்வர ரைடிங் பேன்ட் அவசியமா, ஜீன்ஸும் முட்டிக்கு நீ கார்டும் போதாதா?

குன்னூரில் வேலை, வாரம் இரண்டு தடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறேன், தனியாக ரைடிங் பேன்ட் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கோத்தகிரியில் இருந்து அதே மாதிரி ஏறி இறங்குகிறவன்தான். நீ கார்டு ஒன்றுமே இல்லாததற்குத் தேவலை. ஆனால் இடுப்புக்கு அதில் ஒன்றும் கிடையாது, தார் ரோட்டில் உரசினால் சாதா ஜீன்ஸ் நொடியில் கிழிந்துவிடும். பேன்ட்டே வாங்குங்கள். நான் வாங்கிய மாதிரி மட்டும் வாங்காதீர்கள்.

குளிருக்கு உள்ளே தெர்மல் போட இடம் வேண்டுமே என்று, 34 இடுப்புக்காரன் 36 வாங்கினேன். ஒரு டிசம்பர் காலை, எனக்கு முன்னால் கேரட் லாரி போயிருக்கிறது. கழுவிய ஈரத்தோடு மூட்டை ஏற்றுவார்கள், வளைவுக்கு வளைவு தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். கொண்டை ஊசியில் பின் சக்கரம் வழுக்கி இடது பக்கம் சாய்ந்தேன், வேகம் இருபதோ இருபத்தைந்தோதான். துணியில் ஒரு கீறல்கூட இல்லை. முட்டிதான் தேங்காய் மாதிரி வீங்கி மூன்று வாரம் நொண்டினேன். அப்புறம் பார்த்தால், முட்டிச் சில்லின் மேல் நிற்க வேண்டிய ஆர்மர், அதாவது அடி தாங்கும் பேட், தொளதொளத்த துணிக்குள் திரும்பி உள்பக்கம் போயிருக்கிறது. அதுவும் அடியை அதிகம் தாங்கும் லெவல் 2!

அதனால் கடையில் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு வராதீர்கள். தெர்மலையும் போட்டுக்கொண்டு போய், உங்கள் பைக்கிலேயே உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்தால் துணி நாலு விரல் மேலே ஏறும். அப்போதும் ஆர்மர் முட்டியை மூடி, முன்கால் எலும்பு வரை இறங்க வேண்டும். கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள், நகர்ந்தால் வேண்டாம். ஆர்மர் பையை மேலே கீழே மாற்ற வெல்க்ரோவும், முட்டிக்குக் கீழே இறுக்கும் பட்டையும் இருப்பது நல்லது. இடுப்பு ஆர்மருக்கான பையையும் திறந்து பாருங்கள், பலதில் வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது.

லேபிளில் இரண்டு விஷயம் உண்டு, கடைக்காரர்கள் போட்டுக் குழப்புவார்கள். இஎன் என்பது ஐரோப்பியத் தர எண். இஎன் 1621-1 ஆர்மருக்கு: சோதனை அடியில் உள்ளே கடக்கும் விசை சராசரியாக லெவல் 1-இல் 35 கிலோ நியூட்டனுக்குள், லெவல் 2-இல் 20-க்குள் இருக்க வேண்டும். இஎன் 17092 என்பது முழு உடுப்புக்கு: ஏஏஏ, ஏஏ, ஏ என்று தரம், ஏஏஏதான் உச்சம். ஆர்மரில் மட்டும் முத்திரை இருக்கிற பேன்ட்டை 'சிஇ (ஐரோப்பிய முத்திரை) பேன்ட்' என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். நம் ரோட்டுக்கு ஏஏ போதும் என்பது என் கணக்கு.

மழைக்கு, தண்ணீர் புகாத லைனரை (உள்துணி) உள்ளே மாட்டும் மாடல் வேண்டவே வேண்டாம். ஐப்பசி மழையில் பர்லியாறு பக்கம் ரோட்டோரம் நின்று பேன்ட்டைக் கழற்றி லைனர் மாட்டுவீர்களா? மாட்டினாலும் வெளித்துணி ஊறிக் கனத்து, குன்னூர் ஏறுவதற்குள் கால் விறைத்துவிடும். கீழே மேட்டுப்பாளையம் வெயிலுக்கு மெஷ் (காற்றுப் போகும் வலைத்துணி) கலந்த பேன்ட், மேலே ஏறும்போது அதன்மேல் தனி ரெயின் பேன்ட், குளிர்காற்றுக்கும் அதுவே ஆகும். ரெயின் பேன்ட்டின் கால் ஷூவுக்கு வெளியே விழட்டும், இல்லையென்றால் வழியும் தண்ணீர் முழுக்க ஷூவுக்குள்தான்.

அந்த 36 இப்போது என் மச்சானிடம் இருக்கிறது. அவருடைய தொப்பைக்குக் கச்சிதம்.