மின்சார ஸ்கூட்டர்: நீங்கள் கேட்டவை

கேள்வி: நிலக்கரியை எரித்துத்தானே கரண்ட் வருகிறது? புகை என் தெருவிலிருந்து எண்ணூருக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதானே? (மதுரை)

பாதி சரி. நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி நிலக்கரியில் வருவதுதான், யூனிட்டுக்கு 700 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ, லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் ஸ்கூட்டர் என்றால் கிலோமீட்டருக்குச் சுமார் 50 கிராம். மின்சார ஸ்கூட்டர் 100 கி.மீ. ஓட, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்துச் சுமார் மூன்றரை யூனிட் எடுக்கும், அதாவது கிலோமீட்டருக்கு 25 கிராம். எண்ணூர் புகையோடு சேர்த்தே பாதிதான். பெட்ரோல் இன்ஜின் பெரும்பங்கு சக்தியைச் சூடாகவே வெளியே விடுகிறது, மோட்டாரில் அந்த நஷ்டம் குறைவு.

கேள்வி: பேட்டரி செய்யும்போது வரும் புகை? (ஈரோடு)

நல்ல கேள்வி, விற்பவர்கள் இதைப் பேசவே மாட்டார்கள். 3 யூனிட் பிடிக்கும் பேட்டரியைச் செய்ய, தோராயமாக 200 முதல் 300 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். மேலே சொன்ன மிச்சத்தில் அதை ஈடுகட்ட ஏறக்குறைய 10,000 கி.மீ. ஓட்ட வேண்டும். தினம் 40 கி.மீ. ஓட்டுபவருக்கு எட்டு, ஒன்பது மாதம். காய்கறிக் கடைக்கும் கோயிலுக்குமாக 4 கி.மீ. ஓட்டுபவருக்கு ஏழு வருடம்! அவர் பழைய வண்டியையே வைத்துக்கொள்ளட்டும், யாரும் குறை சொல்ல முடியாது. உணவு டெலிவரி செய்பவர்களும் ஷேர் ஆட்டோக்களும் முதலில் மாறினால்தான் பலன் அதிகம் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான் (பஸ் வசதி இருந்தால் அதுவே மேல், அது வேறு கதை).

கேள்வி: இ.பி. பில் எகிறுமா? (தாம்பரம்)

தினம் 40 கி.மீ. என்றால் இரண்டு மாதத்துக்கு 85 யூனிட் கூடும். ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீடு என்றால் கவனம், 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள ஸ்லாபுக்கும் விலை கூடிவிடும். அப்படியும் பெட்ரோல் செலவுக்குப் பக்கத்தில் வராது.

கேள்வி: ராத்திரி சார்ஜ் போடுவதா, பகலிலா? (திருநெல்வேலி)

ஆபீசில் பிளக் கிடைத்தால் பகலில் போடுங்கள். நண்பகலில் கமுதி மாதிரி இடங்களிலிருந்து சூரிய மின்சாரம் கொட்டுகிறது, ராத்திரியில் நிலக்கரிதான் கைகொடுக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை மட்டும் விதிவிலக்கு, ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் ராத்திரியிலும் சுற்றும். உங்கள் ஊர்க்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டுமா!

கேள்வி: பேட்டரி தீப்பிடிக்குமே? (வேலூர்)

2022-இல் வரிசையாக நடந்த விபத்துகளுக்குப் பிறகு பேட்டரி பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள். ஆகவே அதற்கு முந்தைய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜில் போடாமல் அரை மணி நேரம் ஆற விடுங்கள். அப்புறம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் உள்ள தனி 15 ஆம்ப் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள்.