யாழ்ப்பாணத்தில் உயர்பாத்தியில் சுக்கான் கீரை வருமா?

மழைக்குத் தண்ணீர் தேங்கும் வளவில் உயர்பாத்தி கட்டிச் சுக்கான் கீரை போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடலாம், ஆனால் காலம் பார்க்க வேண்டும். இது குளிர்மையை விரும்பும் புளிப்புக் கீரை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை அடங்க, மார்கழியில் விதையுங்கள். தை, மாசியில் கறிக்குக் கிள்ளலாம். பங்குனி வெயில் ஏறினால் பூத்து, இலை முற்றிவிடும்.

பாத்தி ஓர் அடி உயரம் போதும். சீமெந்துக் கல் அடுக்கி, செம்மண்ணோடு மக்கிய மாட்டெருவை நிறையக் கலந்து நிரப்புங்கள். எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரும் காரம்தான். எரு அதைக் கொஞ்சம் தணிக்கும். உயர்பாத்தி கெதியில் காய்ந்துவிடும். அதனால் அடியில் பூவரசங்குழையும் பழைய பனையோலையும் புதையுங்கள். இங்கத்தைத் தோட்டக்காரரின் பழைய வழக்கம் அது, ஈரம் பிடித்து வைக்கும், பிறகு உக்கிப் பசளையாகும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

விதையை மேலாகத் தூவி, மெல்லிசாக மண் மூடுங்கள். முளைத்ததும் ஒரு சாண் இடைவெளிக்குக் கலையுங்கள். வெளி இலைகளை மட்டும் கிள்ளினால் குருத்து திரும்பத் தழைக்கும்.

சரி, சமைப்பது மண்சட்டியில்தான். புளிப்பு அலுமினியத்தைத் தின்னும். அந்தப் புளிப்புக்குக் காரணம் ஒட்சாலிக் அமிலம். சிறுநீரகக் கல் இருப்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.