படகுப் பட்டறை: பழைய எஞ்சினுக்குப் பாகம் எங்கே?

ஒன்ராறியோ ஏரிகளில் பனி உருகியதும் எனக்கு வரும் கடிதங்களின் குரல் மாறிவிடும். மாரி முழுவதும் 'எந்தப் படகு வாங்கலாம்' என்று கேட்டவர்கள், இப்போது 'வாங்கிய படகுக்குப் பாகம் கிடைக்கவில்லை' என்று எழுதுகிறார்கள். ஆகவே இந்த இதழில் அந்த ஒரு முறைப்பாட்டுக்கு மட்டுமே பதில். தூண்டில், பாசிக்கொடி, மீன்பிடி அனுமதிப் பத்திரம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, எங்களிடம் 14 அடி அலுமினியப் படகும் 25 குதிரைவலு ஜோன்சன் எஞ்சினும் இருக்கின்றன. சிம்கோ ஏரியில் மீன்பிடிக்கப் போவோம். எந்த ஆண்டு எஞ்சின் என்று விற்றவருக்கே தெரியவில்லை. கடந்த கோடையில் குளிர்விக்கும் தண்ணீர் வெளியே பீய்ச்சுவது நின்று, எஞ்சின் சூடேறிவிட்டது. கடையில் கேட்டால், "ஜோன்சன் கம்பனியே இப்போது இல்லை, பாகம் வராது, புதிது வாங்குங்கள்" என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: முதற் பாதி உண்மை. கம்பனி இல்லை. பாகம் வராது என்பது அந்தக் கடைக்காரர் தாமாகச் சேர்த்துக்கொண்டது.

ஜோன்சன், எவின்ரூட் என்ற இரண்டு எஞ்சின்களையும் செய்தது அவுட்போர்ட் மரீன் கார்ப்பரேஷன் என்ற ஒரே நிறுவனம். பழைய ஆட்கள் 'ஓஎம்சி' என்பார்கள். பீற்றர்பரோ நகரிலும் அதற்கு ஓர் ஆலை இருந்தது. கவார்த்தா ஏரிகளைச் சுற்றியுள்ள கராஜ்களில் இத்தனை ஜோன்சன்கள் தூங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். 2000 டிசம்பரில் ஓஎம்சி திவாலானது. 2001இல் எஞ்சின் பகுதியை பொம்பார்டியர் வாங்கியது. பிறகு அது பிஆர்பி நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஜோன்சன் என்ற பெயரை முதலில் கைவிட்டார்கள். 2020 மே மாதம் எவின்ரூட் உற்பத்தியையும் நிறுத்தினார்கள். நிறுத்தும்போதே, உதிரிப்பாகங்களைத் தொடர்ந்து கொடுப்போம் என்றும் சொன்னார்கள். அதைவிட முக்கியம், அசல் கம்பனியை நம்பாமலே இந்த எஞ்சின்களுக்குப் பாகம் செய்யும் வேறு நிறுவனங்கள் இருக்கின்றன. தண்ணீர்ப் பம்ப், காபரேற்றர் கிட், எரிபொருள் பம்ப் எல்லாம் சியெரா செய்கிறது. எரியூட்டல் மின்பாகங்களுக்கு சிடிஐ எலெக்ட்ரோனிக்ஸ். பிஸ்டனுக்கு வைஸ்கோ. இலட்சக்கணக்கில் விற்ற எஞ்சினுக்குப் பாகம் செய்து பிழைக்க யாராவது இருந்துகொண்டுதான் இருப்பார்கள்.

உங்கள் சிக்கல் பாகத்தில் இல்லை, எண்ணில் இருக்கிறது. '25 ஜோன்சன்' என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் கையை விரிப்பார். எஞ்சினைப் படகின் பின்பலகையில் பூட்டும் பிடியின் பக்கத்தில் ஒரு சிறு தகடு இருக்கும். கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டாம், எழுத்துப் போய்விடும். சவர்க்காரத் தண்ணீரும் துணியும் போதும். தகடே போயிருந்தால் மேல்மூடியைக் கழற்றி எஞ்சின் உடலைப் பாருங்கள். நாணயம் போன்ற வட்ட உலோக மூடி ஒன்றில் பெரும்பாலும் அதே எண் குத்தப்பட்டிருக்கும்.

1980 முதல் ஓஎம்சி ஆண்டை எழுத்தில் மறைத்து வைத்தது. 'இன்ட்ரொடியூசஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளும் பத்து இலக்கங்கள்: ஐ 1, என் 2, ரி 3, ஆர் 4, ஓ 5, டி 6, யூ 7, சி 8, ஈ 9, எஸ் 0. தகட்டில் 'ஜே 25 ஈ சி ஈ சி' என்று இருந்தால், ஜே என்பது ஜோன்சன், 25 குதிரைவலு, அடுத்த ஈ மின்சார ஸ்டார்ட்டர். அதன் பின் வரும் சி, ஈ இரண்டும் 8, 9, ஆக 1989. கடைசி எழுத்து அந்த மாதிரியில் பின்னர் செய்த திருத்தத்தைக் குறிப்பது. அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த முழு எண்ணோடு பாகப் படத்தைத் திறந்தால் ஒவ்வொரு திருகாணிக்கும் எண் கிடைக்கும். இங்கேதான் இரண்டாவது பொறி. பழைய பாக எண்ணைக் கணினியில் தட்டினால் 'நிறுத்தப்பட்டது' என்று வரும். கடைக்காரர் அத்தோடு முகத்தைத் திருப்பிக்கொள்வார். பல வேளைகளில் அதே பாகம் புதிய எண்ணில் இருக்கும். "இதற்குப் பதில் எண் என்ன?" என்று கேளுங்கள். ஜோன்சனும் எவின்ரூட்டும் உள்ளே ஒன்றுதான், மூடியும் நிறமும்தான் வேறு. அதனால் எவின்ரூட் பெயரில் கிடைப்பதும் உங்களுக்குப் பொருந்தும். 20, 25, 30 குதிரைவலு எஞ்சின்களிடையேயும் பல பாகங்கள் பொதுவானவை. எண்ணை ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

உங்களுக்கு இப்போது தேவை தண்ணீர்ப் பம்ப் கிட். தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரை மட்டும் வாங்காதீர்கள். கூடு, அடித்தகடு, இம்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சாவி, சீல் எல்லாம் சேர்ந்து வரும் பெட்டியை வாங்குங்கள். சூடேறிய எஞ்சினில் அந்தப் பிளாஸ்டிக் கூடும் உருகியிருக்கக்கூடும். 'பழைய இருப்பு, பெட்டி திறக்காதது' என்று யாராவது மலிவாக ஓர் இம்பெல்லரை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரப்பர் பெட்டிக்குள்ளும் இறுகும். உலோகப் பாகம் பழைய இருப்பில் கிடைத்தால் அதிர்ஷ்டம்; ரப்பரும் டயபிரமும் அப்படியல்ல.

உண்மையில் கிடைக்காதவையும் உண்டு. மேல்மூடி, அதன் கொளுவி, சுக்கான் பிடியின் பிளாஸ்டிக், சில கியர்கள். அவற்றை யாரும் புதிதாகச் செய்வதில்லை. செத்த எஞ்சின் ஒன்றை முழுதாக வாங்கிக் கராஜில் போட்டுவையுங்கள். வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை.

கேள்வி: அண்ணா, என்னுடைய படகில் மெர்குரூசர் எஞ்சின், 1980களின் கடைசியில் வந்தது. ஸ்டார்ட்டர் போய்விட்டது. உள்ளே இருப்பது ஜெனரல் மோட்டர்ஸ் கார் எஞ்சின்தான் என்று நண்பர் சொல்கிறார். கார்ப் பாகக் கடையில் பாதி விலைக்கு அதே ஸ்டார்ட்டர் இருக்கிறது. போடலாமா?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: போடக்கூடாது. நண்பர் சொன்னது சரி, நீங்கள் எடுத்த முடிவுதான் பிழை.

காரில் எஞ்சின் திறந்த வெளியில் இருக்கிறது, பெட்ரோல் ஆவி வீதியோடு போய்விடும். படகில் எஞ்சின் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும். சாதாரண ஸ்டார்ட்டர் சுழலும்போது உள்ளே தீப்பொறி பறக்கும். படகுக்கென்று செய்த ஸ்டார்ட்டர், ஆல்டர்னேற்றர், டிஸ்ரிபியூட்டர் எல்லாம் அந்தப் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி கட்டப்பட்டவை. அதற்கு எஸ்ஏஈ ஜே1171 என்ற தரம் இருக்கிறது. வாங்கும் பாகத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். கார்க் காபரேற்றரும் ஆகாது: மிதவை ஒட்டிக்கொண்டால் அது வழிந்து வெளியே கொட்டும். படகுக் காபரேற்றர் வழிவதை எஞ்சினுக்குள்ளேயே இறக்கும். எரிபொருள் பம்பும் அப்படித்தான்.

பிஸ்டன், வளையம், வால்வு லிஃப்டர் போன்ற உள் உறுப்புகளை ஜெனரல் மோட்டர்ஸ் வழியில் தேடலாம். மின்சாரமும் பெட்ரோலும் தொடும் எதையும் படகுக் கடையில்தான் வாங்க வேண்டும். மெர்குரூசர் வைத்திருப்பவர் பாகம் இல்லை என்று முறையிடவே கூடாது; இந்த ஏரிகளில் அதைப்போல எளிதில் பாகம் கிடைக்கும், படகுக்குள் பூட்டும் உள்ளிணைப்பு எஞ்சின் வேறில்லை. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பழைய ஸ்டார்ட்டரையே படகு மின்வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்துங்கள். இன்னொன்று: முடுக்குவதற்கு முன், எஞ்சின் பெட்டியிலுள்ள ஆவியை வெளியேற்றும் காற்றாடியை நான்கு நிமிடமாவது ஓடவிடுங்கள்.

கேள்வி: 1983ஆம் ஆண்டுப் படகு ஒன்று மிக மலிவாக வருகிறது. ஓஎம்சி ஸ்ரேர்ன்டிரைவ். உடல் புதிதுபோல இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், பிரம்ப்டன்

பதில்: சும்மா தந்தாலும் யோசியுங்கள்.

முதல் பதிலில் பழைய ஓஎம்சிக்குப் பாகம் உண்டு என்றேன். அது படகுக்கு வெளியே தொங்கும் வெளியிணைப்பு (அவுட்போர்ட்) எஞ்சினுக்கு. ஸ்ரேர்ன்டிரைவில் எஞ்சின் படகுக்குள்ளும், சுழலி பூட்டிய டிரைவ் வெளியேயும் இருக்கும். 1985 வரை வந்த இந்த டிரைவ் வேறு சாதி. மற்றக் கம்பனிகள் டிரைவைப் பின்பலகையில் பூட்டினார்கள். ஓஎம்சி அதைப் படகின் அடியில் ஓடும் நீள்மரங்களின் மேல் உட்கார வைத்து, பின்பலகையில் பெரிய ஓட்டை வெட்டி, சுற்றிவர ஒரு பெரிய ரப்பர் உறை போட்டது. அந்த உறை கிழிந்தால் படகுக்குள் ஏரி வரும். இந்த வகையின் பழைய மாதிரிகளில் கியர் மாற்றுவது டிரைவுக்குள் இருக்கும் மின்சுருளால். அந்தச் சுருளுக்காகத் தவம் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். சலித்துப்போய் மெர்குரூசர் பூட்டலாம் என்றால், அந்த ஓட்டையை அடைத்துப் பின்பலகையையே திரும்பக் கட்ட வேண்டும். உடல் புதிதுபோல இருப்பதற்கும் காரணம் அதுதான்: படகு ஓடியே இருக்காது.

1986இல் வந்த கோப்ரா டிரைவ் இதைவிட நல்லது. 1994க்குப் பிந்தையது வோல்வோ பென்டாவோடு சேர்ந்து செய்தது என்பதால் இன்னும் நல்லது. அந்த உடல்தான் மனத்தைப் பிடித்தது என்றால், டிரைவ் ஒரு சதமும் பெறாது என்று எண்ணி விலை பேசுங்கள்.

கேள்வி: அப்பா விட்டுப்போன படகில் முன்கண்ணாடி வெடித்திருக்கிறது. ஓரத்து ரப்பர்ப் பட்டியும் கழன்று தொங்குகிறது. படகு செய்த கம்பனி எப்போதோ மூடிவிட்டது. அப்பாவின் படகு என்பதால் விற்க மனமில்லை. என்ன செய்வது?
– வாசகி, விற்பி

பதில்: விற்க வேண்டிய தேவையே இல்லை, பிள்ளை. நீங்கள் கண்ணாடி என்று சொல்வது அக்ரிலிக்காக இருந்தால், வெடித்த துண்டுகளை எறியாமல் பசைநாடாவால் ஒட்டி, பிளாஸ்டிக் வெட்டிக் கொடுக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். அதையே அச்சாக வைத்து வெட்டித் தருவார்கள். வளைவு கூடியதென்றால் செலவும் கூடும். உண்மையான கண்ணாடி என்றால் கண்ணாடி வேலைக்காரரிடம் போக வேண்டும். படகுக்கு வலுவூட்டிய கண்ணாடி வேண்டும் என்று சொல்லுங்கள். ஓரப் பட்டிக்குப் படகின் பெயர் தேவையில்லை. ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, குறுக்குவெட்டைக் காகிதத்தில் வரைந்து அளவு எழுதி அனுப்பினால் போதும். டாக்கோ மரீன் போன்றவர்கள் பல வடிவங்களில் பட்டி விற்கிறார்கள். வெயிலில் சூடாக்கி இரண்டு பேராகப் பூட்டுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் என் மாமாவின் அவுட்போர்ட் எஞ்சின் நான் பிறக்கும் முன்பிருந்தே கடலில் ஓடுகிறது. உப்புத் தண்ணீர் வேறு. இங்கே நன்னீரில் ஓடும் எஞ்சினுக்கு ஏன் இத்தனை பாடு?
– வாசகர், மார்க்கம்

பதில்: தம்பி, நானும் பருத்தித்துறைக் கரையில் வளர்ந்தவன்தான், அதனால் இந்தக் கேள்வி பிடித்திருக்கிறது. மாமாவின் கரையில் எல்லோரிடமும் இருப்பது ஒன்றிரண்டு வகை எஞ்சின்தான். தொழிலுக்கென்று யமாஹா செய்யும் எண்டூரோ வகையை மாதிரி மாற்றாமல் ஆண்டுக்கணக்காக விற்கிறார்கள். ஒருவரின் எஞ்சின் செத்தால் அது பத்துப் பேரின் எஞ்சினுக்குப் பாகம். 1990களில் எரிபொருளும் பற்றரியும் வடக்கே வரவிடாமல் தடுத்த காலத்தில், மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டிப் பழகிய ஊர் அது. கிடைக்காததைக் கடைசல் பட்டறையில் செய்துகொண்டார்கள்.

இங்கே ஒரே ஏரியில் ஐந்து வீட்டில் ஐந்து கம்பனி. அதைவிடப் பெரிய வேறுபாடு, மாமாவின் எஞ்சின் நாள்தோறும் ஓடுகிறது. இங்கே சில வாரம் ஓடி மிச்சக் காலம் சும்மா கிடக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் காபரேற்றரில் கிடந்து பிசினாகிறது, பழைய குழாய்களைத் தின்கிறது. கியர்ப் பெட்டிக்குள் புகுந்த தண்ணீர் மாரியில் உறைந்து கூட்டையே பிளக்கிறது. அந்தக் கூடுதான் பிறகு எங்கும் கிடைக்காத பாகம். இலையுதிர் காலத்தில் கியர் எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சீல்களை மாற்றிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றி வையுங்கள். சீல் இப்போதும் எளிதில் கிடைக்கிறது.

கேள்வி: என் எஞ்சினில் 'ஃபோர்ஸ்' என்று எழுதியிருக்கிறது. யாருக்கும் அந்தப் பெயரே தெரியவில்லை.
– வாசகர், பாரி

பதில்: கார் செய்யும் கிரைஸ்லர் ஒருகாலத்தில் அவுட்போர்ட்டும் செய்தது. 1984இல் அந்தத் தொழிலை பேலைனர் படகுக்காரர்களுக்கு விற்றது. அவர்கள் வைத்த பெயர்தான் ஃபோர்ஸ். 1986இல் பேலைனரை மெர்குரியின் தாய் நிறுவனமான பிரன்ஸ்விக் வாங்கியது. ஆகவே மெர்குரி முகவரிடம் போய் ஃபோர்ஸ் பாகப் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். தொடர் எண்ணையும் கையோடு கொண்டுபோங்கள். ஒரே குதிரைவலுவில் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கும்.