காரைநகர் உப்புக்காற்றும் பத்து வயது வெசலும்

கேள்வி: ஐயா, நான் காரைநகர். ஒவ்வொரு நாளும் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வந்து போகிறேன். கிளிநொச்சியில் வயலும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு ஹொண்டா வெசல் ஹைபிரிட், ஃபோர் வீல் (நாலு சக்கர இழுவை), ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மீற்றர் 82,000 கிலோமீற்றர் காட்டுகிறது. இன்னும் பத்து வருடம் நம்பி ஓடலாமா?

பதில்: தம்பி, வெசல் என்ற பெயரை மட்டும் வைத்துப் பத்து வருடத்துக்கு உறுதி தர என்னால் முடியாது. அந்த ஒரு வண்டியைப் பார்த்துத்தான் சொல்லலாம். ஆனால் பார்ப்பதற்கு நமக்கு ஒரு வசதி உண்டு. 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் இங்கே ஓடுகிற பழைய வெசல்கள் நம் வெயிலிலும் புழுதியிலும் வயது போனவை. அதே மொடல் வைத்திருக்கும் நாலைந்து பேரைப் பிடித்து, எத்தனையாவது கிலோமீற்றரில் எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். "நல்லா ஓடுது" என்றால் விட்டுவிடாதீர்கள், பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

ஹைபிரிட் வெசலில் முதலில் பார்க்க வேண்டியது கியர்பெட்டி. இரட்டைக் கிளச், ஏழு கியர், அதுவும் ஒயிலில் நனையாத உலர் கிளச். அதன் மென்பொருளைத் திருத்த 2014இல் ஹொண்டாவே ஜப்பானில் வண்டிகளைத் திருப்பி அழைத்தது. வெறும் வீதியில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்னேரம் கஸ்தூரியார் வீதியில் பஸ் நிலையப் பக்கம் நெரிசலில் அரை மணித்தியாலம் ஊர்ந்து பாருங்கள். எடுக்கும்போது உதறினாலோ கியர்பெட்டி சூடு என்று எச்சரிக்கை வந்தாலோ விலை பேசவே வேண்டாம்.

அடுத்தது பின்பக்கம். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் இல்லாத நீண்ட தண்டு, கிளச் இணைப்பு, இரண்டு பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பின் டிஃப்ரென்ஷியல் எல்லாம் இதில் உண்டு. என்னிடம் வருகிறவர்களில் பலர் எஞ்சின் ஒயிலைத் தவறாமல் மாற்றுவார்கள், பின் டிஃப்ரென்ஷியலுக்கும் ஒயில் இருப்பதே தெரியாது. வெளியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல வட்டமடியுங்கள். பின்னாலிருந்து முனகலோ இழுபடுவதோ வந்தால் ஒயில் செத்திருக்கலாம், கிளச் தட்டுகளும் தேய்ந்திருக்கலாம். மாற்றுவதானால் கைநூலில் சொன்ன ஒயிலைத்தான் ஊற்ற வேண்டும். நாலு ரயரும் ஒரே கொம்பனி, ஒரே அளவு, ஒரே தேய்மானமா என்றும் பாருங்கள். முன்னுக்குப் புதிது, பின்னுக்கு மொட்டை என்று ஓட்டியிருந்தால், நேர் வீதியில்கூடச் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றி அந்த இணைப்பைச் சூடாக்கிக்கொண்டே இருந்திருக்கும்.

உங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி உப்பு. பொன்னாலைப் பாலத்தால் தினமும் இரண்டு முறை கடல்காற்றில் போகப்போகிற வண்டி. உயர்த்திவைத்து பிரேக் குழாய், பின் அச்சைத் தாங்கும் சட்டம், போல்ட் தலைகள் எல்லாவற்றையும் லைற் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தால் சுரண்டிப் பார்க்கத் தயங்காதீர்கள். வாங்கிய பிறகு அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உங்கள் ஊரில் பல கிணறுகள் உவர், அதை அடித்தால் உப்புக்கு உப்புச் சேர்த்ததுதான்.

ஹைபிரிட் பற்றரியை ஸ்கானர் பூட்டிப் பார்த்துவிடுங்கள்.

என் எண்ணத்தைக் கேட்டால், உங்களுக்கு முன்சக்கர வெசலே போதும். தினசரி ஓட்டம் தார் வீதி. மாரிச் சேற்றில் ஃபோர் வீல் உதவும்தான், ஆனால் அது வருடத்தில் சில நாள். தேங்கிய வெள்ளத்துக்கோ அது உதவவே உதவாது, அங்கே வண்டியின் உயரம்தான் கணக்கு. அந்தச் சில நாளுக்காக மீதி நாளெல்லாம் உப்பில் பழுதாகக்கூடிய சாமான்களைச் சுமக்க வேண்டாம், தம்பி.

கேள்வி: ரொயோட்டா ரைஸ் ஹைபிரிட் ஒன்றை ஃபோர் வீல் என்று சொல்லி விற்கிறார்கள். நம்பலாமா? (சாவகச்சேரி வாசகி)

பதில்: நம்ப வேண்டாம், தங்கச்சி. ரைஸில் நாலு சக்கர இழுவை ஒரு லீற்றர் டர்போ எஞ்சினோடுதான் வருகிறது. ஹைபிரிட் முன்சக்கர வண்டி. குனிந்து அடிப்பக்கம் பார்த்தால் பின்னுக்குப் போகும் தண்டு இருக்காது. அதைக் காட்டி, முன்சக்கர வண்டிக்குரிய விலையைப் பேசுங்கள்.