மல்பெரி ஜாம் இறுகவில்லையா? எலுமிச்சையும் சர்க்கரையும் போதவில்லை

உடுமலைத் தோட்டத்து மல்பெரி ஒரு கிலோ, சர்க்கரை கால் கிலோ, ஜாமை இறுக வைக்கும் பெக்டின் தூள் போட்டும் மறுநாள் சர்பத் மாதிரி ஓடுகிறது, நடுவில் கட்டி கட்டியாக இருக்கிறது என்கிறீர்கள். தூளைக் குறை சொல்லாதீங்க. சாதாரண பெக்டினுக்குச் சர்க்கரையும் புளிப்பும் கூட இருந்தால்தான் பிடிக்கும். முடிந்த ஜாமில் சர்க்கரைச் சத்து 65 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். கறுப்பாகக் கனிந்த மல்பெரியில் புளிப்பே கம்மி.

கொட்ட வேண்டாம், காப்பாற்றலாம். கட்டிகளை வடித்துவிட்டு, அகலமான பாத்திரத்தில் சூடு பண்ணுங்க. 5 கிராம் பெக்டினை 25 கிராம் சர்க்கரையோடு உலர்வாகவே நன்றாகக் கலந்து, கிளறிக்கொண்டே தூவுங்க. கட்டி தட்டியதற்குக் காரணம், தூளைத் தனியாகக் கொட்டியதுதான். அது கரைந்து கொதித்ததும் இன்னும் அரைக் கிலோ சர்க்கரை, கடைசியில் இரண்டு எலுமிச்சைச் சாறு.

ஜாம் பதத்துக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் 105 டிகிரி செல்சியஸ், கடல்மட்டக் கணக்கு. உயரமான ஊரில் கொதிநிலை குறையும். உடுமலையில் ஒன்றேகால் டிகிரி முன்னாலேயே பதம் வந்துவிடும், குன்னூர் என்றால் இன்னும் சீக்கிரம். ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். விழுந்ததும் இறக்குங்க. ரொம்ப நேரம் கொதித்தால் பெக்டினே வலு இழந்துவிடும். இறக்கும்போது தளதளவென்றுதான் இருக்கும், ஒரு நாள் ஆட்டாமல் விடுங்க.

சர்க்கரை கம்மியாகத்தான் வேண்டுமா? கால்சியத்தோடு இறுகும் பெக்டின் வகை தனியாக இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்க.