மறதி உள்ளவர்களைக் குழுவிலிருந்து பிரிக்க வேண்டுமா?

கேள்வி: முதியோர் இல்லம் ஒன்றில் வாரம் ஒரு முறை பத்துப் பேரை உட்கார வைத்து, மனம் விட்டுப் பேசும் குழு ஒன்றை நடத்தி வருகிறேன். மூவருக்கு மறதிநோய் இருக்கிறது. சொன்னதையே திரும்பச் சொல்வதால் மற்றவர்கள் எரிச்சலடைகிறார்கள். "இதைத்தான் இப்போ சொன்னீங்களே" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட, அந்த அம்மா மறுவாரம் வர மறுத்துவிட்டார். மூவரையும் தனியாகப் பிரித்துவிடலாமா?
– சமூகப் பணியாளர், திருச்சி

பதில்: பிரிப்பதற்கு முன்பு, நீங்கள் கேட்கும் கேள்விகளை மாற்றிப் பாருங்கள். "போன வாரம் என்ன பேசினோம்?", "பேரன் பெயர் என்ன?" என்று பேச்சுக் கொடுப்பதற்காக நாம் கேட்பவையெல்லாம் மறதி உள்ளவருக்குப் பரீட்சையாகிவிடுகின்றன. அதற்குப் பதிலாக, சுக்குப் பொடியையும் காபிப் பொடியையும் இரண்டு கிண்ணங்களில் கொண்டுபோய் எல்லோரையும் முகர்ந்து பார்க்கச் சொல்லி, "உங்களுக்கு எது பிடிக்கும், ஏன்?" என்று கேட்டால், தவறான பதில் என்று ஒன்று அங்கே இருக்காது. மறதி இல்லாதவர்களும் ஆர்வமாகவே பேசுவார்கள்.

நினைவைச் சோதிக்காமல் கருத்தைக் கேட்பது, பிரிட்டனில் ஏமி ஸ்பெக்டர், மார்ட்டின் ஓரல், பாப் வுட்ஸ் முதலானோர் உருவாக்கிய 'காக்னிட்டிவ் ஸ்டிமுலேஷன் தெரபி' (அறிவாற்றலைத் தூண்டும் சிகிச்சை) என்னும் குழுச் சிகிச்சையின் முக்கிய நெறிகளுள் ஒன்று. லேசான அல்லது நடுத்தர நிலையில் மறதிநோய் உள்ளவர்களுக்கான இம்முறையில், வாரம் 2 முறை, சுமார் 45 நிமிடம் வீதம், 7 வாரங்களில் 14 அமர்வுகள் நடக்கும். 201 பேரிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், நினைவாற்றல், சிந்தனைத் திறன் சோதனைகளிலும் வாழ்க்கைத் தரத்திலும் முன்னேற்றம் தெரிந்தது; நோய் குணமாகிவிடும் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்னும் மனநல நிறுவனத்தினர் இதை நம் சூழலுக்கேற்பத் தகவமைத்திருக்கிறார்கள்.

ஒருவரே நடத்துவதற்குப் பத்துப் பேர் அதிகம். ஐந்து முதல் எட்டுப் பேரும், உதவிக்கு இன்னொருவரும் இருந்தால் நல்லது. அதே அறை, தொடக்கத்தில் அதே பாட்டு, தேதியும் குழுவின் பெயரும் எழுதிய பலகை ஆகியவை மாறாமல் இருக்கட்டும். சரியாகக் காது கேட்காததையும் நாம் மறதி என்று எண்ணிவிடுவதுண்டு, அதையும் சோதித்துவிடுங்கள்.

ஒருவர் ஊர்க் கிணற்றைப் பற்றியே மூன்றாம் முறை சொல்லத் தொடங்கினால், தடுக்காமல் "உங்கள் ஊரில் கிணறு எப்படியிருந்தது?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேளுங்கள், கதை பொதுப் பேச்சாகிவிடும். "இங்கே யாரும் யாரையும் திருத்துவதில்லை" என்பதை எல்லோருக்குமான விதியாகச் சொல்லுங்கள். யாருக்கு என்ன நோய் என்பதைக் குழுவில் சொல்ல வேண்டியதில்லை.

துணையை இழந்த துக்கத்தையோ குடும்ப ரகசியத்தையோ பகிர்வதற்கான குழுவாக இருந்தால் மட்டும் என் கருத்து வேறு. கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதை நினைவில் வைத்திருக்க இயலாதவரை அங்கே உட்கார வைப்பது இரு தரப்புக்கும் நியாயமாகாது. அதைத் தனியாகவே நடத்துங்கள்.

வர மறுத்த அம்மாவுக்கு அந்தப் பேச்சு மறந்திருக்கலாம், பட்ட அவமானம் மனத்தில் தங்கியிருக்கும். ஆகவே காரணம் கேட்காமல், முந்தைய நாளே சொல்லி வைக்காமல், அமர்வுக்குச் சற்று முன் நீங்களே போய் "வாங்கம்மா, காபிப் பொடி ஒன்று வந்திருக்கிறது, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று அழைத்து, உங்கள் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.