உபுண்டு சர்வரில் டெஸ்க்டாப் நிறுவிய பிறகு ஈதர்நெட் ‘அன்மேனேஜ்டு’ என்று காட்டுவது ஏன்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: உபுண்டு சர்வரின் மேல் க்னோம் டெஸ்க்டாப்பை நிறுவியிருக்கிறீர்கள். உலாவியில் இணையம் தடையில்லாமல் வருகிறது. செட்டிங்ஸ் திரையில் மட்டும் கம்பி இணைப்பு (ஈதர்நெட்) ‘அன்மேனேஜ்டு’, அதாவது நிர்வகிக்கப்படாதது என்று நிற்கிறது. எதையும் மாற்ற முடியவில்லை.

இது பழுதே அல்ல. அந்த நெட்வொர்க் கார்டை வேறொரு சேவை (பின்னணியில் ஓடும் நிரல்) ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறது. செட்டிங்ஸ் திரைக்குப் பின்னால் இருக்கும் நெட்வொர்க்மேனேஜர் அதில் கைவைக்காமல் ஒதுங்கி நிற்கிறது.

லினக்ஸில் ஐபி முகவரியும் ரூட்டும் (தரவு போகும் வழி) உண்மையில் குடியிருப்பது இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள். ‘ஐபி’ கட்டளையால் நீங்களே கையால் முகவரி வைக்கலாம். கணினியை மறுதொடக்கம் செய்தால் அது போய்விடும். அதை நினைவில் வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் நெட்லிங்க் என்ற தொடர்பு வழியாகக் கர்னலிடம் சொல்வதற்குத்தான் சேவைகள். ஒரு காலத்தில் டெபியன் குடும்பத்தில் இந்த வேலையை ‘இஃப்அப்டவுன்’ செய்தது. மடிக்கணினிகளும் வைஃபையும் பெருகியபோது, 2004-இல் ரெட் ஹாட்டிலிருந்து நெட்வொர்க்மேனேஜர் வந்தது. 2014-இல், கணினி எழும்போது சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி தன் பங்குக்கு நெட்வொர்க்டி என்ற நெட்வொர்க் சேவையைக் கொண்டுவந்தது.

உபுண்டு 17.10 முதல் இந்த இரண்டுக்கும் மேலே நெட்பிளான் உட்கார்ந்திருக்கிறது. நெட்பிளானை ஒரு நெட்வொர்க் சேவை என்று பலர் நினைக்கிறார்கள். குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. ‘எட்சி’ அடைவில் நீங்கள் எழுதும் யாமல் கோப்பைப் (அமைப்புகளை எழுதும் எளிய உரைக் கோப்பு) படித்து, கணினி எழும்போதே நெட்வொர்க்டிக்கோ நெட்வொர்க்மேனேஜருக்கோ உரிய கோப்புகளாக ‘ரன்’ அடைவில் எழுதிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. ‘ரன்’ நினைவகத்தில் இருக்கும் அடைவு என்பதால் அங்கே நீங்கள் செய்யும் திருத்தம் எதுவும் தங்காது. யாரிடம் கொடுப்பது என்பதை யாமல் கோப்பில் உள்ள ‘ரெண்டரர்’ என்ற வரி முடிவு செய்யும். சர்வரில் அது நெட்வொர்க்டி, டெஸ்க்டாப்பில் நெட்வொர்க்மேனேஜர்.

உங்கள் கணினி சர்வராகப் பிறந்தது. ஆகவே ஈதர்நெட் நெட்வொர்க்டியின் கையில் இருக்கிறது. பிறகு டெஸ்க்டாப்போடு நெட்வொர்க்மேனேஜரும் வந்து சேர்ந்தது. உபுண்டுவில் அந்தப் பொதியோடு ‘10-குளோபலி-மேனேஜ்டு-டிவைசஸ்’ என்ற சிறிய கோப்பு ஒன்று வருகிறது. வைஃபையும் மொபைல் மோடமும் தவிர வேறு எதையும் தொடாதே என்பதுதான் அதன் உள்ளடக்கம். இந்தத் தடை இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரே கார்டுக்காக இரண்டு சேவைகளும் டிஎச்சிபி முறையில் ரூட்டரிடம் தனித்தனியே முகவரி கேட்கும். இரண்டும் ரூட்டரிடம் வெவ்வேறு அடையாளம் சொல்லக்கூடும் என்பதால் ஒரே கார்டில் இரண்டு முகவரிகள் வந்து உட்காரும். அதைத் துப்பறிவது தலைவலி. எனவே அந்தக் கோப்பை எழுதியவருக்கு நான் நன்றிதான் சொல்வேன்.

யார் கையில் எது இருக்கிறது என்று பார்க்க இரண்டு கட்டளைகள் போதும்: நெட்வொர்க்மேனேஜருக்கு ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ்’, நெட்வொர்க்டிக்கு ‘நெட்வொர்க்சிடிஎல்’. ஒன்றில் ‘அன்மேனேஜ்டு’, இன்னொன்றில் ‘கான்ஃபிகர்டு’ என்று வந்தால் ஒழுங்காக இருக்கிறது. இரண்டுமே உரிமை கொண்டாடினால்தான் கவலைப்பட வேண்டும்.

மாற்ற வேண்டுமா? அந்த இயந்திரம் மேசைக்கடியில் நின்று கோப்புகளைப் பரிமாறும் சர்வர் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன். ஒரு தொல்லை மட்டும் உண்டு. மென்பொருள் புதுப்பிப்புகளைக் கவனிக்கும் பேக்கேஜ்கிட் போன்ற சில மென்பொருட்கள் இணையம் இருக்கிறதா என்று நெட்வொர்க்மேனேஜரிடம்தான் கேட்கும். அது இல்லை என்று சொல்ல, இணைப்பு நன்றாக ஓடும்போதே ‘ஆஃப்லைன்’ என்று புதுப்பிப்பு நின்றுபோகும். உலாவி வழியாகச் சர்வரை நிர்வகிக்கும் காக்பிட் கருவியைப் பயன்படுத்துபவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். இதற்குக் காக்பிட்டின் கையேடே தரும் வைத்தியம், நெட்வொர்க்மேனேஜரில் ஒரு போலி இணைப்பை உருவாக்கி அதை ஏமாற்றுவது. அசிங்கமான வழி, ஆனால் வேலை செய்கிறது.

திரையிலிருந்தே விபிஎன், வைஃபை எல்லாம் மாற்ற வேண்டும் என்றால் யாமல் கோப்பின் மேல்மட்டத்தில் ரெண்டரரை நெட்வொர்க்மேனேஜர் என்று மாற்றுங்கள். நெட்பிளானே முன்சொன்ன தடைக் கோப்பை அதே பெயரில் ஒரு வெற்றுக் கோப்பால் மூடிவிடும். இணையத்தில் சிலர் சொல்வதுபோல் மூலக் கோப்பை அழிக்க வேண்டியதில்லை. அழித்தாலும் அடுத்த புதுப்பிப்பில் திரும்பி வரக்கூடும்.

மாற்றிய பிறகு கணினி எழுவதற்கு 2 நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால், நெட்வொர்க்டியின் ‘வெயிட்-ஆன்லைன்’ சேவை இன்னும் தன் பழைய கார்டுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். அதன் இயல்பான காலக்கெடு 120 நொடி. நெட்வொர்க்டிக்கு இனி வேலையில்லை என்று உறுதியானால் அந்தச் சேவையை முடக்கிவிடலாம். உங்கள் யாமல் கோப்பின் பெயரில் ‘கிளவுட்-இனிட்’ (சர்வரின் தொடக்க அமைப்புகளைத் தானாகச் செய்யும் கருவி) என்று இருந்தால், அதைத் திருத்துமுன் கிளவுட்-இனிட்டின் நெட்வொர்க் பகுதியை நிறுத்துங்கள். இல்லையென்றால் அது உங்கள் திருத்தத்தின் மேல் மீண்டும் எழுதிவிடக்கூடும்.

இதையெல்லாம் எஸ்எஸ்எச் என்ற தொலைநிலை இணைப்பு வழியாகத் தொலைவிலிருந்து செய்யாதீர்கள். ரெண்டரரை மாற்றும் நொடியில் இணைப்பு அறுந்தால், சர்வர் இருக்கும் இடத்துக்கு நீங்களே போக வேண்டியிருக்கும். புது சேவை ரூட்டரிடமிருந்து வேறு முகவரி வாங்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. இயந்திரத்தின் முன்னால் விசைப்பலகையோடு உட்கார்ந்து செய்யுங்கள்.